நான் துடைத்த சிங்கம்

நைனாவின் பஸ்ஸில் வேறு யாரோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் சென்னையில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் லீவு கிடைக்கும். ரயிலேறி செங்கல்பட்டு வந்து, பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து, நைனாவின் பஸ்ஸிலேயே திருக்கழுக்குன்றம் போவேன். மகாபலிபுரம் வரை போய்த் திரும்பும் தனியார் பஸ் அது. என் அப்பாதான் நைனா. அதில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர். மற்ற கண்டக்டர்கள் கம்பெனி கொடுத்த பையை மாட்டிக்கொள்வார்கள். நைனா மட்டும் செங்கல்பட்டில் அளவு கொடுத்துத் தைத்த சொந்தத் தோல்பை வைத்திருந்தார். வலது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே இறங்கி இடது இடுப்பில் வந்து நிற்கும். அந்த வார் உரசி உரசி அவர் சட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. அம்மா எந்தச் சோப்பைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகவில்லை.

"நைனா எங்கே?" என்று டிரைவரிடம் கேட்டேன். நைனாவைவிட இருபது வயது இளையவர் அவர், ஏழெட்டு வருஷமாக அதே பஸ்ஸை ஓட்டுகிறவர்.

"அண்ணாத்தைக்கு அக்கி வந்துகீது. பயப்படாதம்மா, நேத்தே ஒரு தபா எழுதியாச்சு. எனுக்கும் போன வருசம் வந்துச்சே, மூணு தபா எழுதினாங்க, பாஞ்சு நாள்ல போயே பூட்ச்சு. பாரு" என்று சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். ஒரு தழும்புகூட இல்லை.

அவர் சொன்ன 'எழுதுவது' எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. உடம்பில் ஒரு பக்கமாகப் பட்டையாய்க் கொப்புளம் வந்தால் அதற்குப் பெயர் அக்கி. அதற்கு டாக்டரிடம் போவதில்லை. மண்பாண்டம் செய்கிறவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார்கள். காசு வாங்க மாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை எழுத வேண்டும். அதுவரை அந்த இடத்தில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

தெரிந்த விஷயம்தான் என்றாலும் பஸ்ஸில் போகப் போக எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. போன மாதம்தான் எங்கள் வார்டில் ஒருவர் இறந்திருந்தார். காலில் பட்ட காயத்துக்கு மண்ணைக் குழைத்துப் பூசி, அதில் ரணஜன்னி வந்து, உடம்பு வில்லாக வளைந்து செத்தார். நான்தான் அவர் பக்கத்தில் நின்றேன். மண், காவி, சாணம் எதுவும் புண்ணில் படக்கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்த அம்மாள் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார். இரண்டு வருஷப் படிப்பில் எனக்கு மருத்துவம் எவ்வளவு வந்ததோ தெரியாது, கர்வம் முழுசாக வந்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது நைனா வெற்றுடம்போடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது நெஞ்சில், மார்புக் காம்புக்குக் கீழே, ஒரு சாண் அகலத்துக்குச் செந்நிறச் சிங்கம். சின்னப் பிள்ளை போட்ட படம் போலத்தான் இருந்தது. தலை மட்டும் பெரிதாக, கால்கள் குச்சி குச்சியாக. வால் நீண்டு விலாவைச் சுற்றி முதுகுப் பக்கம் போயிருந்தது. காவிக்கு அடியில் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன.

"வாம்மா" என்றார் நைனா. "பாத்தியா, சிங்கம் வளக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். படித்த பெண் ஒருத்தி இருக்கும்போது ஒரு தந்தி கொடுக்கக் கூடாதா, புண்ணில் மண்ணைப் பூசி உட்கார வைத்திருக்கிறாயே, இவர் செத்துப்போனால் சிங்கமா வந்து காப்பாற்றும் என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அம்மா பதிலுக்குப் பதில் பேசுகிறவள் இல்லை.

"மூணு நாளுக்குள்ள எழுதணும்னு சொன்னாங்க. அதான் பாத்த மறுநாளே இட்டுனு போனேன். நாளிக்கு ரெண்டாவது எழுத்து. அதுவரிக்கும் தண்ணி படக்கூடாது. பாதியில அழிஞ்சா எரிச்சல் உள்ளயே தங்கிடும்" என்று மட்டும் சொன்னாள்.

நான் சுடுதண்ணீர் வைத்தேன். டெட்டால் ஊற்றினேன். வெந்நீர் ஆறும்வரை காத்திருந்தேன், அவ்வளவு நிதானம் இருந்தது எனக்கு. சுத்தமான பழைய வேட்டித் துணியைக் கிழித்து நனைத்து, நைனாவின் நெஞ்சிலிருந்து சிங்கத்தைத் துடைத்தேன். தலை போயிற்று, கால்கள் போயின. அம்மா வாசற்படியில் நின்று, "வேணாம்டீ, வேணாம்டீ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நைனாவோ கையைத் தூக்கி வாகாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் படித்தவள், செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார்.

முதுகுப் பக்கம் நான் பார்க்கவில்லை. அவசரம். மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வால் அங்கே அப்படியே இருந்துவிட்டது.

அன்றைக்கே செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்தவர் இளைஞர், பொறுமையானவர். நர்ஸ் படிக்கிற பெண் என்று தெரிந்ததும் மரியாதையாகப் பேசினார். சின்ன வயதில் சின்னம்மை வந்தபோது உடம்புக்குள் போன கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, வயதான பிறகு அந்த நரம்பின் பாதையிலேயே வெளியே வருவதுதான் இது என்று விளக்கினார். தடவ ரோஸ் நிறத்தில் ஒரு லோஷன், வலிக்கு மாத்திரை, நரம்புக்கு வைட்டமின் ஊசி எழுதிக் கொடுத்தார்.

"எத்தனை நாளாச்சு?"

"மூணாவது நாள் சார்."

"நல்லது. நிறைய பேர் எல்லாம் முத்திப்போய்த்தான் வர்றாங்க. நீங்க சீக்கிரம் கூட்டிட்டு வந்துட்டீங்க."

அந்த வார்த்தையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் திரும்பினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒருமுறைக்கு இருமுறை சொன்னேன். பக்கத்து வீட்டில் கேட்கும்படியும் சொன்னேன். நான் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். டாக்டரே சொல்லிவிட்டார்.

கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்தன. அடுத்த லீவுக்கு வந்தபோது நெஞ்சில் வெளிறிய தழும்புகள் மட்டும்தான் இருந்தன. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபடி, "இன்னா நைனா, எப்போ டியூட்டிக்குப் போறே?" என்று கேட்டேன். அவர் இன்னும் சட்டை போடாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

"சட்ட போட முடிலம்மா" என்றார்.

துணி பட்டால் எரிகிறதாம். அழுத்திப் பிடித்தால்கூடப் பரவாயில்லை, லேசாக உரசினால்தான் தாங்க முடியவில்லையாம். மிளகாய்த்தூளைக் கொட்டி மேலே கம்பளியால் தேய்ப்பது மாதிரி என்றார். எனக்குப் புரியவில்லை. தோலைப் பார்த்தேன், ஆறியிருந்தது. விரலால் தொடப்போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நைனா என் கையை அப்படி அழுத்திப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

மறுபடியும் அதே டாக்டரிடம் போனோம். சில பேருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, புண் ஆறியும் வலி தங்கிவிடும், நரம்பு கெட்டுப்போயிருக்கும், போகப் போகச் சரியாகும் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நாங்கள் சீக்கிரம் வந்தோமே சார் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சீட்டில் எதையோ எழுத ஆரம்பித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

இதற்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு. பெண் வந்து பாதியில் அழித்துவிட்டாள். இதை என் முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயடிக்கு நான் போனதும் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். எனக்கும் ரோஷம். டிரைவருக்கு முப்பத்திரண்டு வயசு, நைனாவுக்கு ஐம்பத்திநாலு, இரண்டும் ஒன்றா என்று நானாக வலியப் போய் வாதாடினேன். புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது, முதியவர்களுக்கு வலி நீடிக்கலாம் என்று. அதை மனப்பாடமாகவே ஒப்பித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆனால் ஒன்று இடித்தது. நைனாவுக்கு நெஞ்சில்தான் வலி. கொப்புளம் முதுகு வரை போயிருந்தது, ஆனால் முதுகில் வலி இல்லை. கை வைத்துத் தேய்த்தாலும் ஒன்றும் இல்லை. நான் துடைத்த இடத்தில் எரிகிறது, நான் துடைக்காமல் விட்ட வால் இருந்த இடத்தில் எரியவில்லை. அம்மாதான் இதை முதலில் கண்டுபிடித்தாள். நைனாவின் முதுகில் துண்டைப் போட்டு, அது நழுவாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நரம்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெடாது, ஒரே பட்டையில்கூட ஒரு பக்கம் வலி தங்கும், மறுபக்கம் தங்காது. இன்றைக்கு எனக்கு இது நன்றாகத் தெரியும். அன்றைக்கும் ஓரளவு தெரியும். தெரிந்து என்ன? அம்மாவின் பார்வையை எந்தப் புத்தகத்தை வைத்து மறைப்பது?

நைனாவுக்கு ஒரே கவலைதான். பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். கையில் பை இல்லாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினோரு மணி டிரிப்பில் மலைமேல் கழுகு பார்க்க வருகிற கூட்டத்தை எப்படி ஏற்றி எப்படி இறக்குவது என்பது அவருக்குத்தான் தெரியும். பூஞ்சேரி திருப்பத்தில் எந்த வாத்தியார் எத்தனை மணிக்கு நிற்பார், யாருக்காக அரை நிமிஷம் விசில் கொடுக்காமல் இருக்கலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. புதுக் கண்டக்டர் கிழவிகளை அவசரப்படுத்துகிறான் என்று கேள்விப்பட்டு, நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது மாதம் ஒருநாள் பையை ஆணியிலிருந்து எடுத்தார். வலது தோளில் மாட்டினால் வார் சரியாக அந்த இடத்தின் மேல் வரும். இடது தோளில் மாட்டி வலது இடுப்பில் போட்டுக்கொண்டார். சட்டைக்கு அடியில், வலிக்கிற இடத்தில் துணி ஒட்டாமல் இருக்க, அம்மா வாழைச்சருகில் மெழுகு தேய்த்துத் தைத்துக் கொடுத்தாள். மெழுகு தேய்த்த சருகு வழுவழுப்பாக இருப்பதால் உரசாது என்று அவளே யோசித்துச் செய்தது. என்னைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம் அது. நான்கு மணி நேரம் தாங்கியது.

அன்றைக்கு லீவில் இருந்ததால் நானும் கூடப் போனேன். மகாபலிபுரத்தில் பஸ் நின்றதும் டிரைவரும் மற்றவர்களும் டீ குடிக்கப் போனார்கள். நைனா முன்னெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் கடற்கரைப் பக்கம் போய்ச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்குவார். அன்றைக்கும் பழக்கத்தில் நடந்தார். இரண்டு பொத்தானைக் கழற்றியதும் உப்புக்காற்று உள்ளே புகுந்தது. அப்படியே குனிந்து, இரண்டு கையாலும் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, முதுகைக் கடலுக்குக் காட்டி மணலில் உட்கார்ந்துவிட்டார். காற்று. வெறும் காற்று. நான் பக்கத்தில் நின்று மறைத்துப் பார்த்தேன். நான் எவ்வளவு காற்றை மறைக்க முடியும்?

இருந்தாலும் விடாமல் மூன்று வாரம் போனார். சித்திரைத் திருவிழா வந்தது. பஸ்ஸில் எள் விழ இடமில்லை. திருக்கழுக்குன்றத்தில் இறங்குவதற்காக ஒருவர், கையில் குழந்தையை வைத்துக்கொண்டு, நைனாவை உரசிக்கொண்டு முன்னால் போயிருக்கிறார். வேண்டுமென்று இல்லை, இடமில்லாமல்தான். நைனா அவரை அறைந்துவிட்டார். கன்னத்தில், குழந்தைக்கு எதிரிலேயே.

என்னையோ அம்மாவையோ ஒருநாள்கூட அடித்திராதவர். டிக்கெட் வாங்காமல் ஏறுகிறவனைக்கூட, "இறங்கு ராஜா" என்றுதான் சொல்வார். அடி வாங்கியவர் திருப்பி அடிக்கவில்லை. நைனா அவர் காலில் விழப் போய்விட்டார் என்றும், டிரைவர்தான் பிடித்து நிறுத்தினார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். பஸ் முதலாளி நல்லவர்தான். "உடம்பு முழுசாத் தேறினப்புறம் வா, உன் இடம் எங்கேயும் போவாது" என்று சொல்லி அனுப்பினார். நைனா வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டினார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அம்மா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். "நீ அழிக்காம இருந்திருந்தா அந்த மனுசன் இன்னிக்கு யாரயும் அடிச்சிருக்க மாட்டாரு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் இருந்த பதினெட்டு வருஷத்தில் அதைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

இந்த இடத்தில் பின்னால் நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் படித்து முடித்து, அந்தக் கடற்கரைப் பக்கத்து ஊர்களிலேயே நர்ஸாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். நைனா போய்ப் பல வருஷம் கழித்து, அக்கிக்கென்றே ஒரு மாத்திரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மா சொன்ன அதே மூன்று நாள். அன்றைக்கே இந்த மாத்திரை இருந்து, அன்றைக்கே கொடுத்திருந்தால், பிறகு அந்த வலி வந்திருக்காதா சார் என்று கேட்டேன். கொப்புளம் சீக்கிரம் காயும், ஆரம்ப வலி குறையும், ஆனால் மாசக்கணக்கில் நிற்கிற அந்த வலி வராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதையும் மறுபடி மறுபடி கேட்டேன். வேறு வேறு டாக்டர்களைக் கேட்டேன். எல்லாரும் சுற்றிச் சுற்றி அதையேதான் சொன்னார்கள்.

ஆக, சிங்கம் காப்பாற்றியிருக்காது. என் லோஷனும் காப்பாற்றவில்லை. பிற்பாடு வந்த மாத்திரைகூடக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல ஆளில்லை. இது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. என் மேல் தப்பு இல்லை என்றால் நைனாவுக்கு நடந்தது எதனாலும் இல்லை என்று ஆகிறது. அதைவிட அது நான் செய்த தப்பாகவே இருந்துவிட்டுப் போகலாம். இன்றைக்கும் யாராவது காவி பூசிக்கொண்டு வந்தால் நான் துடைக்க மாட்டேன். துடைத்தால், அதைப் பூசக் கூட்டிப்போனவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். மாத்திரையைக் கையில் கொடுத்து, "இதையும் போட்டுக்குங்க, அது பாட்டுக்கு அது இருக்கட்டும்" என்பேன்.

அன்றைக்குத் திரும்புகிறேன். அக்கி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நைனா சட்டை போட்டு வெளியே போவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். உடம்பு பாதியாகிவிட்டது. ஒருநாள் எதையோ தேடுகிறவர் மாதிரி நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "மறுபடியும் ஒரு தபா எழுதிப் பாத்தா இன்னா?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார். இரண்டு வருஷமாக அதைக் கேட்க வேண்டுமென்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் வருத்தப்படுவேன் என்று கேட்கவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நான் போகாமல் வேறு யார் போவது? வெற்றிலை பாக்கு, ஒரு படி அரிசி எடுத்துக்கொண்டேன். காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் போனோம். நைனா வெற்றுடம்பில் துண்டைக்கூடப் போடாமல் நடந்து வந்தார். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். படித்த பெண் குயவர் வீட்டுக்கு வருகிறாள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்துதான் நடந்தேன், ஆனால் முகம் எரிந்தது.

எழுதுகிற அம்மாவுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். சக்கரத்தில் வேலையாக இருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என்னைத் தெரிந்துகொண்டார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"அக்கா, அன்னிக்கு அழிச்சது நான்தான். மன்னிச்சுக்குங்க. மறுபடி எழுதுங்க" என்றேன்.

அவர் நைனாவின் நெஞ்சைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். "அக்கியே இல்லியேம்மா. எதும்மேல எழுதறது? தோலு சுத்தமா கீது."

"வலி கீதும்மா" என்றார் நைனா. "சிங்கம் கூட வேணாம். ஒரு கோடு இழுத்துடு. மனசுக்காவ."

அந்த அம்மா தலையாட்டினார். பிறகு உள்ளே போய்க் காவிக்கல்லை உரைத்துக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு வந்தார். நைனாவை ஒரு மணையில் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னார். நைனாவின் முகத்தில் இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒன்று இருந்தது. மருந்து வேலை செய்யும் என்று நம்புகிற ஆளின் முகம். என்னோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று கடைசியாகப் பார்த்தது. எனக்கும் அந்த நிமிஷத்தில் நம்பிக்கை வந்துவிட்டது, மறைக்க மாட்டேன். படித்ததையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, இது பலிக்கட்டும், நான் செய்தது தப்பாகவே இருக்கட்டும், இது மட்டும் பலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கோழி இறகைக் காவியில் தோய்த்து, அந்த அம்மா நைனாவின் நெஞ்சில் வைத்தார்.

நைனா அலறிவிட்டார். மணையோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். கை பட்டுக் கிண்ணம் கவிழ்ந்து காவி தரையெல்லாம் ஓடியது. இறகின் நுனி. அதைவிட லேசான பொருள் உலகத்தில் எது? அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த அம்மா பயந்துபோய் இறகைத் தூரப் போட்டார். நைனா மூச்சு வாங்கியபடி, "இன்னொரு தபா, இன்னொரு தபா வை, நான் பல்லக் கடிச்சினு இருக்கறேன்" என்றார். வைத்தார். இந்தமுறை அலறவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது, கால் இரண்டும் தரையை உதைத்துக்கொண்டன. அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடுகூட விழவில்லை. அந்த அம்மா கையை எடுத்துவிட்டார்.

"வேணாம்ண்ணே. என்னால ஆவாது. இட்டுனு போம்மா" என்றார். நான் கொண்டுபோன அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பி நடந்தோம். அவர் நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் இருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

குளக்கரை வந்ததும் நின்றார். "அன்னிக்கு நீ தொடச்சப்போ வலிக்கவே இல்லம்மா" என்றார். "வெதுவெதுன்னு நல்லா இருந்துச்சு."

எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா, இல்லை நான் எதை அழித்தேன் என்று இப்போதாவது எனக்குத் தெரியட்டும் என்று சொன்னாரா, தெரியாது. கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். அந்த நான்கு வருஷத்திலும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுவரைக் காட்டினார். "அந்தப் பைய டிரைவராண்ட குட்துடு. புதுப் பையனுக்கு ஆவும். தோலு நல்லா கீது, சும்மா தொங்கினு இன்னாத்துக்கு?"

பதினோரு மணி டிரிப் வருவதற்குள் போக வேண்டும். பையை ஆணியிலிருந்து எடுத்தேன். கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஏனோ தோளில் மாட்டிக்கொண்டேன். வலது தோளிலிருந்து வார் இறங்கி, இடது நெஞ்சில், அதே இடத்தில் படிந்தது. பஸ் ஸ்டாண்டு வரை ஒரு மைல். நடக்க நடக்க அது உரசிக்கொண்டே வந்தது. எனக்கு ஒன்றுமே வலிக்கவில்லை.